சொல்லி ஆறும் காயம்



எம்மாவுக்கு நடந்த சீடர் இருவரும் சிலுவைச் சாவின் அதிர்ச்சியில் இருந்தார்கள் (லூக் 24:13-35). நடந்தது அனைத்தும் இயேசுவுக்குத் தெரியும். ஆயினும் அவர்களையே சொல்லவிட்டு, முடிக்கும்வரை செவிமடுத்தார். பிறகுதான் மறைநூலை விளக்கினார்.

நாமோ, துயருற்றவரிடம் "கடவுள் சித்தம், மறந்துவிடு" என்று முந்திக்கொள்கிறோம். 2004 சுனாமிக்குப் பின் நாகைக் கடலோரத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் உறவுகளை இழந்தோரைக் குழுவாக அமர்த்திப் பேசவிட்டார்கள். இத்தகைய குழுவில் பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை, கேட்டிருந்தாலே போதும். அங்கே சொன்னது வெளியே போகக்கூடாது. 'எனக்கு மட்டுமல்ல' என்று உணர்வதே ஆறுதலின் தொடக்கம்.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, திடுக்கிடல், உறக்கமின்மை தொடர்ந்தால் மனநல மருத்துவரை நாடுங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம். இது விசுவாசக் குறைவு அன்று. காய்ச்சலுக்கு மருந்து உண்பவர் செபத்தை விட்டுவிடுவதில்லையே!

அந்தச் சீடர்கள் அன்றிரவே எருசலேமில் கூடியிருந்தவர்களிடம் திரும்பினார்கள். காயப்பட்டவர் நம்பித் திரும்பி வரக்கூடிய இடமாக நம் அன்பியங்கள் இருக்கின்றனவா? இவ்வார அன்பியக் கூட்டத்தில், அறிவுரை சொல்லாமல் ஒருவருக்குச் செவிகொடுப்போம். ஆமென்.