ஞாபகமற்ற இயந்திரமும் அடையாள எண்ணும்

பள்ளிப் பதிவேடுகளையும் கள அலுவலக அறிக்கைகளையும் இணையத்தின் வாயிலாக அனுப்பும் பழக்கம் இன்று பெரிதும் பரவியுள்ளது. ஒரு பக்கத்தை நிரப்பியபின் அடுத்த பக்கத்திற்குச் செல்பவர் முன்னவரே என்பதைத் தொலைவிலுள்ள சேவையகம் எங்ஙனம் அறிகிறது? இதனை அறிவது வலைச் செயலிகளை அமைப்போருக்கு மட்டுமன்றி, உபயோகிப்போருக்கும் அவசியமாகும்.

உலாவியும் சேவையகமும் செய்தி பரிமாறும் எச்.டி.டி.பி. என்னும் முறை இயல்பாகவே ஞாபகமற்றது. ஒவ்வொரு வேண்டுகோளையும் அது புதியதாகவே கருதும். இக்குறையை நீக்கும் ஏற்பாடே 'அமர்வு' எனப்படுவது. சேவையகம் ஓர் அடையாள எண்ணை உண்டாக்கி, உபயோகிப்பவரைப் பற்றிய விவரங்களை அதன் கீழ்க் குறித்து வைக்கிறது. உலாவி அவ்வெண்ணை ஒவ்வொரு முறையும் காட்டுதல் வேண்டும். ரயில் நிலையப் பொருள் காப்பறையில் தரப்படும் சீட்டை இது ஒத்ததாகும். சீட்டைக் கொணர்பவர் எவரோ, அவரிடமே மூட்டை ஒப்படைக்கப்படும்.

இருவகை ஏற்பாடுகள்

முதல் வகையில் இவ்வெண் குக்கி என்னும் சிறு குறிப்பில் அடங்கும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1994ஆம் ஆண்டு லூ மொன்டுல்லி என்பவர் இம்முறையை வகுத்தார். உலாவி குக்கியைத் தன்னிடமே வைத்திருந்து, தானாகவே திருப்பி அனுப்பும். இரண்டாம் வகையில் குக்கி இல்லை. எண் இணைய முகவரியிலேயே பொறிக்கப்படும். குக்கியை ஏற்காத உலாவிகளுக்கு இது பயன்பட்டது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டாட் நெட் சாதனத்தில் இவ்விரண்டில் ஒன்றை வெப்.கான்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பில் தேர்ந்துகொள்ளலாம். 'யூஸ்குக்கீஸ்' என எழுதின் குக்கியும், 'யூஸ்யூரி' என எழுதின் முகவரியும் எண்ணைச் சுமக்கும். 'ஆட்டோடிடெக்ட்' எனின், உலாவி குக்கியை ஏற்கிறதா எனச் சோதித்து அதற்கேற்ப முறை தேர்ந்தெடுக்கப்படும். அடையாள எண் 24 எழுத்துகள் கொண்டது. வேறு கட்டளை இல்லையெனில், 20 நிமிடங்கள் வேண்டுகோள் ஏதும் வாராதபோது அமர்வு முடிவுறும்.

முகவரி முறையின் அபாயங்கள்

ஓர் ஆசிரியர் மதிப்பெண் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். முகவரியில் எண்ணும் செல்கிறது. அமர்வு முடியுமுன் நண்பர் அதனைத் திறப்பாராயின், ஆசிரியரின் அமர்வினுள்ளேயே அவர் நுழையக்கூடும். பலர் உபயோகிக்கும் கணினியில் உலாவியின் வரலாற்றுப் பட்டியலிலும் அவ்வெண் தங்கிவிடும். மேலும், முழு முகவரியுடன் எழுதப்பட்ட இணைப்புகளில் எண் விடுபட்டு அமர்வு அறுபடும். காலம் கடந்த அமர்வில் படிவத்தை அனுப்பினால், புதிய எண்ணுடைய முகவரிக்கு உலாவி திருப்பப்படுகையில் நிரப்பிய விவரங்கள் இழக்கப்படலாம்.

குக்கி முறையிலும் எச்சரிக்கை தேவையே. எனினும், மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அதனை அனுப்புமாறும், பக்கத்திலுள்ள நிரல்கள் அதனைப் படிக்க இயலாதவாறும் கட்டளையிடலாம். பின்னர் வந்த ஏ.எஸ்.பி. டாட் நெட் கோர் பதிப்பில் குக்கியற்ற அமர்வு இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் பழைய செயலிகள் சில இடங்களில் இன்னும் இயங்கலாம். முகவரியின் நடுவே அடைப்புக்குறிகளுக்குள் நீண்ட எழுத்துத் தொடர் காணப்படின், அதனைப் பிறருக்கு அனுப்பாதிருத்தல் நன்று. வேலை முடிந்ததும் 'வெளியேறு' பொத்தானை அழுத்துவதும், நீண்ட படிவங்களை இடையிடையே சேமிப்பதும் யாவர்க்கும் உகந்த பழக்கங்களாகும்.