மொனாகோ வீதிகளில் இந்தியக் கொடி: குஷ் மைனியின் வெற்றி ஏன் முக்கியமானது?

மொனாகோ நகர வீதிகளில் நடைபெற்ற ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் பந்தயத்தில் கடந்த 2025 மே 24-ம் தேதி பெங்களூரு வீரர் குஷ் மைனி முதலிடம் பிடித்தார். அங்கு பந்தயம் வென்ற முதல் இந்தியர் அவரே.

டாம்ஸ் அணிக்காகக் களமிறங்கிய மைனி, தகுதிச்சுற்றில் பெற்றது 10-வது இடம்தான். ஆனால் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் தகுதிச்சுற்றின் முதல் 10 வீரர்களும் தலைகீழ் வரிசையில் நிறுத்தப்படுவர். அதாவது, 10-வது இடம் பெற்றவர் முதல் வரிசையில் முன்னே நிற்பார். அவ்வாறு கிடைத்த வாய்ப்பை 30 சுற்றுகளிலும் நழுவவிடாமல் காத்ததே அவரது சாதனை.

விதியின் தயவால் கிடைத்த வெற்றி என்று இதனைத் தள்ளிவிட முடியாது. மொனாகோ தடத்தின் நீளம் 3.337 கி.மீ. மட்டுமே, வளைவுகளோ 19. பிற நாள்களில் பேருந்தும் காரும் செல்லும் சாதாரணச் சாலை அது. நிரந்தரத் தடங்களில் பிழை நேர்ந்தால் கார் ஓரத்து மணலில் இறங்கும். இங்கோ தடுப்புச் சுவரில் மோதும். வெயிலிலிருந்து சுரங்கப்பாதையின் மங்கலான ஒளிக்குள் அதிவேகமாக நுழைந்து, மீண்டும் வெயிலுக்கு வெளிவர வேண்டும். முந்துவதற்கு இடமில்லை என்பது முன்னே செல்பவருக்குச் சாதகம்தான். எனினும் பின்னால் வருபவர் ஒவ்வொரு வளைவிலும் நெருக்குதல் கொடுக்க, ஒரு கணக் கவனச்சிதறலும் பந்தயத்தை முடித்துவிடும்.

ஃபார்முலா 2 பிரிவில் அனைத்து அணிகளுக்கும் ஒரே வகை கார், ஒரே வகை இயந்திரம், ஒரே நிறுவனத்தின் டயர்கள் வழங்கப்படுகின்றன. ஆகவே ஓட்டுநரின் திறனே பெரிதும் வெளிப்படுகிறது.

பாலக்காடு எல்லைப் பகுதி வாசகர்களுக்கு இவ்விளையாட்டு அந்நியமானதல்ல. ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், வாளையாறைத் தாண்டினால் வரும் கோவையைச் சேர்ந்தவர். அவர் 2005-ல் ஜோர்டான் அணியில் அறிமுகமானார். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே தடமும் உள்ளது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-ல் ஃபார்முலா 1-ல் நுழைந்தார். சென்னை தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் இரவு நேர வீதிப் பந்தயமும் நடத்தப்பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் 2023 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்ட போட்டி அது.

மைனி ஃபார்முலா 1-ஐ எட்டுவாரா என்பது வேறு கேள்வி. அதற்குரிய சூப்பர் உரிமத்துக்கு 3 ஆண்டுகளில் 40 புள்ளிகள் தேவை. ஃபார்முலா 2 தொடரை முதல் 3 இடங்களுக்குள் முடிப்பவருக்கு அவை ஒரே ஆண்டில் கிடைத்துவிடும். ஆனால் ஸ்பிரிண்ட் வெற்றிக்குத் தொடரின் பட்டியலில் வழங்கப்படுவது 10 புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் பிரதானப் பந்தய வெற்றிக்கோ 25 புள்ளிகள்.