மாதம் 25 ரூபா

மணவிலக்குப் பெற்ற மனைவியை எத்துணைக் காலம் கணவன் தாபரித்தல் வேண்டும்? இவ்வினா எழும்போதெல்லாம் இந்தியாவின் இந்தூர் நகரத்து மூதாட்டி ஷா பானுவின் வழக்கே நம் நினைவுக்கு வருகின்றது.

1932இல் சட்டத்தரணி ஒருவரை மணந்து ஐந்து மக்களைப் பெற்ற அவர், 1975இல் இல்லத்தினின்றும் வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் மாதம் 500 ரூபா கோரி நீதவானிடம் முறையிட்டார். பேராசையென எண்ணற்க, அந்நாட் சட்டம் வகுத்த உச்ச வரம்பே அதுதான். நவம்பரில் கணவர் தலாக் கூறினார். இத்தா எனப்படும் ஏறக்குறைய மூன்று மாதக் காத்திருப்புக் காலத்தோடு தம் கடமை தீர்ந்தது என்பது அவர் வாதம்.

1979இல் நீதவான் விதித்த தொகை மாதம் 25 ரூபா. 46 ஆண்டு இல்லறத்துக்கு இருபத்தைந்து! முதுமையில் அவர் வேறு எத்தொழிலை நாடுவார்? மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபா 20 பைசாவாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

கடும் எதிர்ப்பு எழவே, 1986இல் புதிய சட்டமொன்று பிறந்தது. கணவனின் பொறுப்பு இத்தாவோடு முடிந்தது எனப் பலரும் அதற்குப் பொருள் கொண்டனர். 2001இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: கணவன் இத்தாக் காலத்துள் செய்யவேண்டிய ஏற்பாடு, மறுமணம் புரியாத மனைவியின் பிற்காலம் முழுவதற்குமானது. அத்தீர்ப்பைக் கேட்க ஷா பானு உயிரோடிருக்கவில்லை.