முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்த பெரியவர்களிடம் மீன்சுருட்டிப் பக்கம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொற்கள் கட்டாயம் வரும்: முன்பாரம், பின்பாரம். வண்டிக்கு அச்சு ஒன்று, சக்கரம் இரண்டு. அச்சுக்கு முன்னால் மூட்டை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இன்னும் கூடினால் வண்டி குடைசாயும். அதனால்தான் மேடு ஏறும்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருவார். தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்து அவர் வண்டியைச் சமன் செய்கிறார்.

அவருடைய பேரன் கணினியில் ராலி கார் விளையாட்டு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். திரையில் மண் சாலை. வலப்பக்கம் ஒரு கூர்மையான வளைவு. பேரன் வேகத்தைக் குறைக்காமல் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புகிறான். கார் திரும்பவில்லை; நேராகப் போய் மரத்தில் மோதுகிறது. பையன் விளையாட்டைத் திட்டுகிறான். தாத்தா எட்டிப் பார்த்திருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்: “முன்பாரம் பத்தலடா தம்பி.”

அவர் சொல்வது இயற்பியல்படி சரி. ராலி ஓட்டும் கலையும், அதற்காகக் காரைச் சீரமைக்கும் வித்தையும் இந்தப் பாரக் கணக்குக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

காரைத் தரையோடு இணைப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான். அந்த நான்கு உள்ளங்கைகளுக்கும் காரின் எடை எப்போதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் போகும். திரும்பினால் வளைவின் வெளிப்பக்கத்துக்கு ஏறும். ஒரு கணக்கு பார்ப்போம். 1,200 கிலோ கார். முன்னும் பின்னும் 600 கிலோ வீதம் தாங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புவியீர்ப்பில் பாதி அளவுக்கு பிரேக் பிடித்தால் 120 கிலோ முன்னால் இடம் மாறும். இப்போது முன் டயர்கள் தாங்குவது 720 கிலோ, பின் டயர்கள் 480. பாரம் ஏறிய டயர் தரையை அழுத்திப் பிடிக்கும். பாரம் குறைந்தது வழுக்கும். வளைவுக்கு முன்னால் பேரன் பிரேக்கைத் தொட்டிருந்தால், திரும்ப வேண்டிய முன் டயர்களுக்குப் பிடிமானம் கிடைத்திருக்கும்.

அதற்காக பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தாலும் கார் திரும்பாது. ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானத்தை ஒரு மரக்கால் நெல் என்று கொள்ளுங்கள். பாரம் ஏறினால் மரக்கால் பெரிதாகும், அவ்வளவுதான். முழு மரக்காலையும் பிரேக்குக்கே அளந்துவிட்டால் திருப்பத்துக்கு ஒரு மணிகூட மிஞ்சாது. தேர்ந்த ஆட்டக்காரர் நேர்ச்சாலையில் பலமாக பிரேக் போடுவார். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். முன்பாரமும் முழுக்க இறங்காது, திருப்பத்துக்கும் பிடிமானம் இருக்கும்.

சாலை மாறினால் மரக்காலின் அளவும் மாறும். காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க 30 மீட்டர் சொச்சம் போதும். சரளைச் சாலையில் ஏறத்தாழ 50 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 250 மீட்டரைத் தொடும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருக்கும் இடத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. டயருக்கும் தாருக்கும் நடுவே உருளும் மணிகள் எப்படிக் காலை வாரிவிடுமோ, சரளைக் கற்களும் அப்படியே.

ஆனால் மண்ணுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. தாரில் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் பிடிமானம் குறையும். தளர்ந்த மண்ணில் பூட்டிய சக்கரம் பரம்பு போல மண்ணை முன்னால் குவிக்கும். அந்தக் குவியலே காரைத் தடுக்கும். பக்கவாட்டில் சறுக்கும் டயரும் இப்படி மண்ணைத் தள்ளி ஊன்றிக்கொள்ளும். தாரில் நேரத்தைத் தின்னும் சறுக்கல் மண்ணில் நேரத்தை மிச்சப்படுத்துவது இதனால்தான். ராலி கார்கள் வாலை வீசிக்கொண்டு புழுதி கிளப்புவது வேடிக்கை காட்ட அல்ல.

வாலை வீசவைக்கச் சில உத்திகள் உண்டு. 1960களில் பின்லாந்து, ஸ்வீடன் ஓட்டுநர்கள் முன்சக்கர இயக்கமுள்ள சாப், மினி கார்களில் இடதுகால் பிரேக்கைப் பழக்கப்படுத்தினார்கள். வலதுகால் ஆக்சிலேட்டரை விடாது. இடதுகால் பிரேக்கைத் தொடும். எஞ்சின் இழுப்பதால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பாரம் முன்னால் சாய, இலேசான பின்பக்கம் வெளியே சறுக்கும். இன்னொன்று ‘ஸ்காண்டிநேவியன் ஃப்ளிக்’. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் இடப்பக்கம் ஒரு வெட்டு. பாரம் வலது ஸ்பிரிங்குகளை அமுக்கும். உடனே வலப்பக்கம் திருப்பினால், அமுங்கிய ஸ்பிரிங் விரிய, பாரம் மறுபக்கம் பாய, கார் தானாகச் சுழலும். ஊஞ்சலை முன்னால் தள்ளுவதற்கு முன் பின்னால் இழுப்போமே, அதுதான் இது. மிகக் குறுகிய வளைவுக்குக் கைபிரேக்: பின்சக்கரங்களைப் பூட்டிவிட்டால் அவற்றின் மரக்கால் காலி. வயல் மூலையில் ஒருபக்க பிரேக்கை மட்டும் மிதித்து டிராக்டரைச் சட்டென்று திருப்புகிறவர் இந்த வித்தைக்குப் பங்காளி.

இந்த உத்திகளைத் திரையில் பழக முடிகிறது என்பதுதான் ஆச்சரியம். 1995இன் உலக ராலி சாம்பியன் காலின் மெக்ரே பெயரில் 1998இல் ஒரு விளையாட்டு வந்தது. 2001இன் சாம்பியன் ரிச்சர்ட் பர்ன்ஸ் பெயரில் 2004இல் வந்த விளையாட்டை, அதன் இயற்பியல் துல்லியத்துக்காக ரசிகர்கள் இன்றும் புதுச் சாலைகளும் கார்களும் சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 2015இல் டர்ட் ராலி. இத்தகைய விளையாட்டுகளுக்குள் ஓடுவது ஓர் இடைவிடாத கணக்கு: ஒவ்வொரு டயரிலும் இந்தக் கணத்தில் எவ்வளவு பாரம், எந்தத் தரை, எவ்வளவு சறுக்கல் என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணித்து அதன்படி காரை நகர்த்துகின்றன.

கார் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் ஸ்பிரிங், டேம்பர், டிஃப்ரன்ஷியல் என்று வரிசையாக வரும். மிரள வேண்டாம். எல்லாமே பாரம் எவ்வளவு, எவ்வளவு விரைவாக, எங்கே போக வேண்டும் என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்.

ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புச் செம்மண் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டும் குழியுமான அதற்கு உயரமான காரும் மென்மையான ஸ்பிரிங்கும் வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் துள்ளித் துள்ளித் தரையை விட்டு எழும்பும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிமானம் ஏது? வழவழப்பான தார்ச்சாலைக்குத் தாழ்வான காரும் விறைப்பான ஸ்பிரிங்கும் சரி. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கலாம் என்று தீர்மானிக்கும். டேம்பர் எவ்வளவு விரைவில் என்று தீர்மானிக்கும். கார் திரும்ப மறுத்து மூக்கை நேராக நீட்டினால் முன்பக்க விறைப்பைக் குறைக்க வேண்டும். வால் அடங்காவிட்டால் பின்பக்க விறைப்பைக் குறைக்க வேண்டும்.

இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃப்ரன்ஷியலை விளக்கச் சேற்றில் மாட்டிய டிராக்டர் போதும். ஒரு சக்கரம் வீணாகச் சுழலும், மற்றது அசையாது. டிரைவர் உடனே ‘லாக்’ மிதிப்பார்; இரண்டும் சேர்ந்து சுழன்று வண்டி வெளியேறும். முழுக்கப் பூட்டினால் இழுவை கிடைக்கும், ஆனால் திருப்பம் கடினமாகும். ராலி காரில் இந்தப் பூட்டை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பை மாற்றும்போது ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே சாலையை மூன்று முறை ஓட்டி, நேரத்தைக் குறித்துவைத்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்திலும் இதுதான் முறை.

இந்தக் கலையின் நிஜ வடிவம் நமக்குத் தொலைவில் இல்லை. பல்லடம் அருகே கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு இடையிலான மண் பாதைகளில் தேசிய ராலிச் சுற்றுகள் நடந்திருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் அணிக்காக ஓட்டிய கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார். 2019இல் அர்ஜுனா விருது பெற்றார். 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தை ஸ்பெயினின் எஃப்ரென் லாரேனா வென்றது எம்.ஆர்.எஃப். டயர் அணியில்தான். அந்த நிறுவனத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலும் ஓர் ஆலை உண்டு.

திரையில் கற்றது மண்ணில் பலிக்குமா? வட அயர்லாந்தின் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் 2018இல் உலக ராலியின் மின்விளையாட்டுப் பட்டத்தை வென்றவர். ராலி விளையாட்டு உருவாக்கத்திலும் பணியாற்றினார்; உலக ராலிப் போட்டிகளில் நிஜக் காரும் ஓட்டியிருக்கிறார். அதற்காக விளையாட்டில் தேறியவர்கள் ஊர்ச் சாலையில் வாலை வீசிப் பார்க்கக் கூடாது. ராலிக்குச் சாலையை அடைப்பார்கள். தலைக்கவசமும் இரும்புக் கூண்டும் உண்டு. அடுத்த வளைவை முன்கூட்டியே வாசித்துச் சொல்லத் துணை ஓட்டுநரும் பக்கத்தில் இருப்பார்.

பாரம் இடம் மாறுவதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு வாருங்கள். முகம் முன்னால் பார்த்தபடி, ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் போடும்போது எந்தக் காலில் பாரம் ஏறுகிறது, எது இலேசாகிறது என்று கவனியுங்கள். இலேசான கால்தான் முதலில் வழுக்கும்.