குருதிக் கொழுப்பும் முதுமையும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் ஏரியின் மதகுகள் தூர்ந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். மழை கூடாவிடினும் நீர்மட்டம் ஏறும். ஆண்டுகள் செல்லச்செல்ல நம் குருதியில் கொழுப்பு மிகுவதும் ஏறக்குறைய இவ்வாறே.

கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே கொலஸ்டிராலைப் புரதம் போர்த்த நுண்துகள்கள் குருதியில் சுமந்து செல்கின்றன. அவற்றுள் அடர்த்தி குறைந்தவற்றைப் பெரும்பாலும் கல்லீரலே விலக்குகிறது. அதன் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளே நாம் சொன்ன மதகுகள். அவற்றைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985இல் நோபெல் பரிசு பெற்றனர். நடுவயதில் இம்மதகுகள் தளர்கின்றன. கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் ஆற்றலும் குன்றுகிறது. உண்பது மிகாவிடினும் அளவு ஏறுகிறது. மாதவிடாய் நின்ற மகளிர்க்கு இவ்வேற்றம் இன்னும் விரைவு. அதுவரை ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு துணைநின்றது.

எழுபதைக் கடந்தோரிடம் அளவு சற்றே இறங்குவதுண்டு. பாட்டனாரின் சோதனைச் சீட்டைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். உடல் மெலிவும் உள்ளுறை நோயுங்கூட அதற்குக் காரணமாகலாம்.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வருகிறோமே என்பார் சிலர். நடை நன்றே, ஆனால் திங்களுக்கு ஒரு நாள் போதுமோ?

முதியோர் கவலை நமக்கேன் என்று மாணவர் கேட்கலாம். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 79 பேருக்கு ஏதேனும் ஒரு கொழுப்பின் அளவு பிறழ்ந்திருந்தது.