கோயமுத்தூருக்கு ஒரு டீம்... கட்டுபடி ஆகுமா?

ஐ.பி.எல். வந்துட்டா போதும், ஹாஸ்டல் டி.வி. ரூம்ல மஞ்சள், சிவப்பு, நீலம்னு கட்சி பிரிஞ்சு கத்துவாங்க. ஆனா, ‘இது எங்க ஊர் டீம்’னு காலரைத் தூக்கிவிட கோவைக்காரருக்கோ, நம்ம கோபிக்காரருக்கோ வழி இருக்கா? ‘நம்மூருக்கு எதுக்குங்க டீமு? கட்டுபடி ஆகாதுங்க’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்!

கப் ஜெயிச்ச கதை

2017-18 சீசன்ல ‘சென்னை சிட்டி எஃப்.சி.’ கால்பந்து அணி, தன் ஹோம் கிரவுண்டை கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாத்துச்சு. அடுத்த சீசன்லயே ஐ-லீக் சாம்பியன்! 2019 மார்ச் 9, கடைசி மேட்ச். ஜெயிச்சா கப் கையில. கோட்டைவிட்டா ஈஸ்ட் பெங்கால் தட்டிட்டுப் போயிடும். முதல் கோல் போட்டது எதிரணி மினர்வா பஞ்சாப். அப்புறம் பெட்ரோ மான்சி ஒண்ணு, கௌரவ் போரா ரெண்டு... 3-1! ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்துல பட்டம். அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கை வாங்குச்சு.

அப்புறம்? கொரோனாவால 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்துலயே நடந்தது. அந்த சீசனோட ஐ-லீக்ல இந்த டீமின் கதையும் முடிஞ்சுபோச்சு.

கோபி சைஸ்ல ஒரு ஊர்

ஸ்பெயின்ல வில்லாரியல்னு ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். 2011 கணக்குப்படி நம்ம கோபியே 60 ஆயிரத்தை நெருங்குது! அந்த ஊர் டீம் 2021-ல் யூரோப்பா லீக்கை ஜெயிச்சது. ரகசியம்? ஊர்த் தொழிலான டைல்ஸ். டைல்ஸ் கம்பெனி முதலாளி ஃபெர்னாண்டோ ரோய்க் 1997-ல் டீமை வாங்கி, இன்னிக்கு வரை விடாம நடத்துறார்.

அமெரிக்காவின் கிரீன் பே ஊர்ல ஒரு லட்சம் பேர்தான். அவங்க ‘பேக்கர்ஸ்’ அணிக்கு 5 லட்சத்துக்கும் மேல பங்குதாரர்கள். லாபப் பங்கு பைசா கிடையாது, பெருமை மட்டும்தான்! அங்கே டி.வி. பணத்தை லீக் எல்லா டீமுக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுக்குது. அதனால சின்ன ஊரும் தாக்குப்பிடிக்குது.

நமக்கு என்ன குறை?

2011-லேயே கோவை மாநகராட்சியில 10 லட்சம் பேர். பம்ப் செட், மில், திருப்பூர் பனியன்னு தொழிலுக்கும் பஞ்சமில்லை. கிரிக்கெட்ல டி.என்.பி.எல். இருக்கு: கோவை கிங்ஸ் 2023-ல் கப் அடிச்சது, 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ். ஆனா, அது சில வாரத் திருவிழா. ஐ-லீக் மாதிரி மாசக்கணக்குல நடக்கிற லீக்ல டீம் பிழைக்கணும்னா மூணு விஷயம் வேணும்: நஷ்டத்தைத் தாங்குற உள்ளூர் முதலாளி, பணத்தைப் பங்கு போடுற லீக், ஜெயிச்சாலும் தோத்தாலும் டிக்கெட் வாங்குற நாம.

இன்னொண்ணும் இருக்கு, பேர்! கோவையில விளையாடி, கோவையில கப் ஜெயிச்ச டீமோட ஜெர்சியில இருந்தது ‘சென்னை’. ஊர்ப் பேரே இல்லாத டீமை ஊர் எப்படிங்க சொந்தம் கொண்டாடும்?

கோபியில இருந்து கோவை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ராத்திரி மேட்ச் பார்த்தா, திரும்பி வர பஸ் கிடைக்கிறதே பெரும்பாடு. கட்டுபடி ஆகுமான்னு முதலாளியைக் கேட்கிறதுக்கு முன்னாடி நம்மளையே கேட்டுக்கலாம்... தொடர்ந்து நாலு மேட்ச் தோத்த டீமுக்காக, அஞ்சாவது மேட்ச் பார்க்க பஸ் ஏறுவீங்களா பாஸ்?