ஊதுகுழலும் விறகும்: டர்போ காடியின் எரிபொருளும் புகைக்குழாயும்



தோட்டத்து வீடுகளில் விறகடுப்பு அருகிவிட்டது. ஆனாலும் ஊதுகுழலைப் பாட்டிமார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈர ரப்பர் விறகு புகைந்துகொண்டே கிடக்கும். குழலை வாயில் வைத்து ஒரு மூச்சு ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். காற்று கூடினால் நெருப்பும் கூடுகிறது. நெருப்பு கூடினால் விறகும் கூடுதலாக வேண்டும். பிறகு புகை வெளியேற வழியும் வேண்டும். இன்று நாம் பேசப்போகும் செய்தி முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

வீட்டில் ஒரு பிள்ளை. வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்து, டர்போ பொருத்திய சின்னக் காடி ஒன்றை வாங்கி வருகிறான். ஓட்டிப் பார்த்ததும் ஆசை வளர்கிறது. இன்னும் வேகம் வேண்டும், பின்னால் தடித்த புகைக்குழாய் போட வேண்டும் என்கிறான். அப்பா கோபப்படுகிறார், அம்மா நடுவில் நின்று தவிக்கிறார். இருவருக்குமே அந்தக் காடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பல வேளைகளில் பிள்ளைக்கும் முழுவதும் தெரியாது. ஆகவே மூவரும் சேர்ந்து கேட்பதற்காகவே இந்த உரை.

டர்போ என்பது புதிய பொருளன்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதன் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. இந்தச் சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழல்கின்றன. எஞ்சினே தன் மூச்சைக் கொண்டு தன் அடுப்பை ஊதிக்கொள்கிறது எனலாம்.

எடுத்துக்காட்டுக்கு நம் நாட்டு இளைஞர்களிடையே பெயர் பெற்ற டொயோட்டா ஸ்டார்லெட் ஜி.டி. டர்போவை எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்து ஜப்பானியக் காடி இது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹேட்ச்பேக் வகை. எஞ்சின் 1,331 சி.சி. மட்டுமே, ஆனால் டர்போவின் துணையால் 135 குதிரைத்திறன் தந்தது. காடியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. இந்த எஞ்சின்கள் பாதியாக வெட்டிய காடிகளாக, 'ஹாஃப் கட்' என்ற பெயரில், ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி வேறு காடிகளிலும் ஏறின. பெரோடுவா கஞ்சிலில் டைஹாட்சு மீராவின் டர்போ எஞ்சினைப் பொருத்தியவர்களும் உண்டு. காடி எதுவானாலும் நாம் சொல்லப்போகும் கணக்கு ஒன்றே.

முதலில் விறகு, அதாவது பெட்ரோல்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் தெளிப்பானை முதுகில் சுமந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தொட்டியில் மருந்து இருக்கிறது. கைப்பிடியை அடித்தால் அழுத்தம் ஏறுகிறது. முனையில் உள்ள சிறு துளை வழியே மருந்து தூவானமாகப் போகிறது. காடியிலும் இப்படித்தான். எண்ணெய்த் தொட்டிக்குள் மின்சாரப் பம்பு ஒன்று இருக்கிறது. எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தெளிமுனை இருக்கிறது. அதற்கு இன்ஜெக்டர் என்று பெயர். அது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் காடியின் கணினி முடிவு செய்கிறது.

அந்த நேரம் மிகக் குறுகியது. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் வேண்டும். அந்த இரண்டு சுற்றும் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் முடிந்துவிடுகின்றன. அதற்குள் வேண்டிய பெட்ரோல் முழுவதும் போயாக வேண்டும். முனை சிறியதாக இருந்தால், நேரம் முழுவதும் திறந்து வைத்தாலும் போதாது.

இப்பொழுது கொஞ்சம் கணக்குப் போடுவோம். பென்சில் எடுக்கத் தேவையில்லை. டர்போ எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 சி.சி. பெட்ரோல் குடிக்கும். 135 குதிரைத்திறனுக்கு 810 சி.சி. அதை நான்கு முனைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய 200 சி.சி. வருகிறது. ஸ்டார்லெட்டின் முனை நிமிடத்திற்கு 295 சி.சி. விடக்கூடியது. ஆகவே, தொழிற்சாலை விட்ட நிலையில் கவலை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு நேரம் திறந்தாலே போதும். ஆனால் பிள்ளை 200 குதிரைத்திறன் வேண்டும் என்கிறான். அப்படியானால் தலைக்கு 300 சி.சி. தேவைப்படுகிறது. முனை மூடாமலே திறந்து கிடந்தாலும் 295க்கு மேல் வராது. நல்ல போர்மன்கள் முனையை 85 விழுக்காட்டு நேரத்திற்கு மேல் திறக்க விடமாட்டார்கள். அந்தக் கணக்கில் இந்த முனைகளின் எல்லை 165 குதிரைத்திறன் அளவில் முடிந்துவிடுகிறது.

பற்றாத பெட்ரோலை எப்படி ஈடு செய்வது? அழுத்தத்தைக் கூட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கைப்பிடியை வேகமாக அடித்தால் மருந்து கூடுதலாக வரும் என்பது உண்மைதான். ஆனால் நாம் நினைக்கும் அளவு வராது. அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால், பெட்ரோல் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் கூடும். பம்புக்கோ சுமை ஏறிவிடும். எந்தப் பம்பும் அழுத்தம் ஏற ஏறக் குறைவாகத்தான் இறைக்கும். அதிலும் டர்போ காற்றைத் தள்ளும் இடத்திற்கு எதிராகப் பம்பு பெட்ரோலைத் தள்ள வேண்டியிருக்கிறது. டர்போவின் அழுத்தம் 1 பார் கூடினால் பெட்ரோலின் அழுத்தமும் 1 பார் கூட வேண்டும். ஆக, எஞ்சினுக்கு மிகுதியாகப் பெட்ரோல் வேண்டிய அதே நொடியில்தான் பம்பின் வேலையும் மிகக் கடினமாகிறது. பழைய காடியின் வடிகட்டி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். புதிய பம்பு வாங்குவதற்கு முன்னால் வடிகட்டியை மாற்றிப் பார்ப்பது நல்லது. அதற்கு அவ்வளவு வெள்ளி ஆகாது.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்? அடுப்பில் விறகு தீர்ந்தால் நெருப்பு அணைந்துவிடும், அவ்வளவே. எஞ்சினில் அப்படியில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது எடைக் கணக்கு. ஆனால் டர்போ முழுவீச்சில் வேலை செய்யும்போது 12 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு பெட்ரோல் விடுவார்கள். மிகுதிப் பெட்ரோல் எரிவதற்காக அன்று, குளிர்விப்பதற்காக. அது குறைந்தால் உள்ளே சூடு ஏறும். தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவுவதற்குள், மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடிக்கும். சம்மட்டியால் பிஸ்டன் தலையில் அடிப்பது போன்றது அது. பிஸ்டனில் ஓட்டை விழலாம். வளையம் தாங்கும் விளிம்பு உடையலாம். இதற்கு ஒரு மணி நேரம் தேவையில்லை. நெடுஞ்சாலையில் சில விநாடிகள் போதும். பல மாத மிச்சம் அந்தச் சில விநாடிகளில் போய்விடும்.

ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் இந்தத் தொல்லை தீராதா? தானாக வெடிப்பதை அது சற்றுத் தாமதப்படுத்தும். போதாத பெட்ரோலைப் போதுமானதாக ஆக்காது.

இனிப் புகைக்குழாய்க்கு வருவோம். ரப்பர் பால் தாள்களை உலர்த்திய புகைவீடுகளைப் பார்த்தவர்கள், மேலே புகை போகும் வழி அடைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று அறிவார்கள். டர்போ சக்கரத்தைச் சுழற்றுவது புகையின் அழுத்த வேறுபாடு. சக்கரத்திற்கு முன்னால் அழுத்தம் மிகுதியாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். பின்னால் குழாய் குறுகலாக இருந்தால் புகை தேங்கி நிற்கும், சக்கரம் மெதுவாக வேகம் பிடிக்கும், எஞ்சினும் சூடாகும். எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் இருந்தால்தான் நல்லது என்று பட்டறைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டர்போ எஞ்சினைப் பொறுத்தமட்டில் அந்தப் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் அரை அங்குலம்தானே என்று தோன்றும். வாயின் பரப்பைக் கணக்கிட்டால் பாதிக்கும் மேல், 56 விழுக்காடு, கூடியிருக்கும். அதற்கு மேலும் தடிப்பாகப் போடுவதில் இந்தச் சிறிய எஞ்சினுக்குப் பெரிய இலாபம் இல்லை, ஓசைதான் மிச்சம். பலரும் கடைசியில் தெரியும் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு மகிழ்கிறார்கள். உண்மையான நெருக்கடி டர்போவை ஒட்டிக் கீழிறங்கும் முதல் குழாயில் இருக்கிறது. குழாயை வளைக்கும் இடத்தில் நசுங்காமல் வளைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். நசுங்கிய ஒரு வளைவு முழுக் குழாயின் பயனையும் கெடுத்துவிடும்.

ஆபத்தான முடிச்சு ஒன்று இங்கே இருக்கிறது. டர்போ அளவுக்கு மேல் காற்றைத் தள்ளாதபடி, மிகுதிப் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் மதகு ஒன்று உண்டு, வேஸ்ட்கேட் என்பார்கள். பழைய குறுகிய குழாய்க்கு ஏற்ற அளவில் அந்த மதகைச் செய்திருப்பார்கள். குழாயை அகலமாக்கியதும் புகை தாராளமாக ஓடுகிறது. சக்கரம் கூடுதல் வேகம் பிடிக்கிறது. சிறிய மதகு முழுவதும் திறந்தும் புகையைத் திருப்ப முடிவதில்லை. யாரும் கை வைக்காமலே காற்றின் அழுத்தம் ஏறுகிறது. 0.6 பார் இருந்தது 1 பார் ஆனால் உள்ளே போகும் காற்று கால் பங்கு கூடும். பெட்ரோலும் கால் பங்கு கூடியாக வேண்டும். முனையும் பம்பும் பழையவையாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். "குழாய் மட்டும்தானே அப்பா மாற்றினேன்" என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. குழாயை மாற்றியபோதே அடுப்பின் காற்றும் மாறிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். பிறகு பம்பும் முனையும். அவற்றுக்கு ஏற்பக் கணினியில் திருத்தம். திருத்தம் செய்யாமல் பெரிய முனையை மட்டும் போட்டால் பெட்ரோல் வழிந்து, சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். குழாயும் கூடுதல் அழுத்தமும் அதற்குப் பிறகுதான். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் கருவி ஒன்றை முன்னதாகவே பொருத்திக்கொள்வது, பளபளக்கும் சைலன்சரைவிட மேலான செலவு என்பது நம் கருத்து. பட்டறைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையில்தான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் முதலில் விற்பனையாகின்றன.

எஞ்சின் போனால் போகட்டும், வேறு வாங்கலாம். குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு.

பல ஹேட்ச்பேக் காடிகளில் பம்பை எடுக்கும் மூடி பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. பம்பை மாற்றியவர் மூடியின் வளையத்தைச் சரியாகப் பொருத்தாமல் விட்டால், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் பெட்ரோல் ஆவி சேரும். ரப்பர்க் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் மரம் சீவி எடுத்த பாலில் உருவான ரப்பர் டயருக்கு உகந்தது, பெட்ரோலுக்கு உகந்ததன்று. பெட்ரோல் பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து வலுவிழந்துவிடும். எனவே பெட்ரோல் குழாய்களுக்குச் செயற்கை ரப்பரையே பயன்படுத்துகிறார்கள். கையில் கிடைத்த தண்ணீர்க் குழாயையோ காற்றுக் குழாயையோ அங்கே சொருகக் கூடாது. புதிய தடித்த புகைக்குழாய் பெட்ரோல் குழாயை நெருங்கி ஓடுகிறதா, வெப்பம் தடுக்கும் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்களா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தாழ்ந்து தொங்கும் குழாய் கல்லில் இடித்து இணைப்பு விடுவதும் உண்டு.

அப்படி விட்ட இணைப்பு வெறும் ஓசையோடு நின்றுவிடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு அது பிடித்துக்கொள்ளும். ஹேட்ச்பேக்கில் பெட்டி வைக்கும் இடமும் ஆள் உட்காரும் இடமும் ஒன்றே. பின்கதவைச் சற்றே திறந்து கட்டிக்கொண்டு சாமான் ஏற்றி ஓட்டினால், காடியின் பின்புறம் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவரும். பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கி வழிந்தால், பயணக் களைப்பு என்றே நினைப்போம். ஓட்டுபவருக்கும் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் உடனே காடியை நிறுத்தி, எல்லாரும் இறங்கி வெளிக்காற்றுக்கு வர வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்ட காடியில் இந்த நச்சு பன்மடங்கு மிகுதி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். புகைக்கும் ஓசைக்கும் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வரம்புகள் உள்ளன. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரக்கூடும்.

பட்டறையிலிருந்து காடி வீட்டுக்கு வந்ததும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காடியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் விடுங்கள். பல காடிகளில் பம்பு இரண்டு விநாடி முனகி நிற்கும். பின்னிருக்கையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். எஞ்சின் பக்கம் குழாய் இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இல்லையென்றால் எஞ்சினைக் கிளப்பலாம். குழாய் சூடேறுவதற்கு முன்பே, சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு புகைக்குழாய் இணைப்பிலும் தெளியுங்கள். குமிழி கிளம்பும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, அன்றைக்கே காடியைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.